அக்கி அல்ல, ஹெர்பிஸ்

எனக்கு இருக்கும் நோயின் பெயர் ஹெர்பிஸ். பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ். முப்பத்தொரு வருடங்களாக இருக்கிறது. எனக்கு வயது அறுபத்தொன்பது. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரூரில் வீடு. மனைவி, ஒரு மகன், இரண்டு பேத்திகள். "இந்த வயசுல இதை எழுதித்தான் ஆவணுமா அப்பா?" என்று மகன் கேட்டான். ஆமாம், எழுதித்தான் ஆக வேண்டும். சர்க்கரை வந்தவர் எழுதுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் எழுதுகிறார். புற்றுநோயிலிருந்து மீண்டவரை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறோம். இந்த நோய்க்காரன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சாக வேண்டும் என்பது என்ன சட்டம்?

சால்வை எனக்கு வேண்டாம். அதற்கு நான் தகுதியில்லை என்பது படிக்கப் படிக்கத் தெரியும். ஆனால் வாயைப் பொத்திக்கொள்ள மாட்டேன்.

போன மாசியில் மூச்சிரைப்பு அதிகமாகி, டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். அது முடியும்போது காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காலையில் சிறுநீர் வரவில்லை. அரை மணி நேரம் கழிவறையில் நின்றேன். ஒரு சொட்டு இல்லை. பத்து மணிக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. தொடையின் உட்புறம் மரத்துப்போய், நடந்தால் யாருடைய காலோ போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். மொரப்பூர் வழியாகத் தருமபுரிக்கு. அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் என் உடம்பு எண்ணியது.

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் டியூப் போட்டுச் சிறுநீரை இறக்கினார். அந்த நிமிடம் அவர்தான் எனக்குக் குலதெய்வம். அழுதுவிட்டேன்.

"இந்த வயசுல புராஸ்டேட்தான் சார், பயப்படாதீங்க," என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. வயதானால் பெருத்து வழியை அடைக்கும். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் அறைக்கு முன்னால் ஓட்டை போட்ட இரும்பு நாற்காலிகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டியூபின் முனையில் தொங்கும் சிறுநீர்ப் பையை என் மனைவி மாதம்மாள் ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்க வந்தவள்போல மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தால் அவளும் எழுவாள். நான் நடந்தால் பையோடு ஒட்டி நடப்பாள்.

"கல்யாணத்துல கூட இப்பிடி ஒட்டி நடக்கலீங்க," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

ஸ்கேனில் புராஸ்டேட் கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஆனால் அடைக்கும் அளவுக்கு இல்லை. காரணம் புரியாமல் படுக்கை கொடுத்தார்கள். நான்கு பேர் படுக்கும் வார்டு. மறுநாள் காலை, டியூபைச் சுத்தம் செய்த நர்ஸ் ஒரு கணம் நின்று பார்த்தார். "இது எப்பத்துல இருந்து இருக்குதுங்க?" என்று கேட்டார். கொத்தாகக் கொப்புளங்கள். எனக்கு அவை தெரியும். பழைய விருந்தாளிகள். காய்ச்சலில் வந்திருக்கிறது, போய்விடும் என்று இருந்தேன்.

தோல் மருத்துவரை வரவழைத்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர். திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, பொறுமையாகப் பார்த்தார்.

"என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?"

"அக்கிங்கம்மா," என்றேன். விலங்கியல் ஆசிரியன் சொன்ன பதில்.

"அக்கி ஒரு பக்கமா, வரி மாதிரி வரும். இது அப்பிடி இல்லியே. இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு வெளியே இருந்து மாதம்மாளின் குரல் வந்தது. "அவருக்கு வந்ததே இல்லீங்கம்மா. எனக்குத்தான் வருஷா வருஷம் வரும். என் ஒடம்பு சூட்டு ஒடம்பு. எங்கிட்ட இருந்துதான் அவருக்கு ஒட்டிக்கிச்சு. தள்ளிப் படுங்க, தள்ளிப் படுங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் புரிந்துகொண்டதை இப்போது நான் எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயதில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வெளியூர் போனேன். பதினைந்து நாள் லாட்ஜில் தங்கல். பகலெல்லாம் சிவப்பு மை, மாலையில் வெட்டிப் பொழுது. உடன் இருந்த இருவர் ஒரு இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன். யாரும் இழுத்துப் போகவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்கும் எவனோ கொடுத்ததுதான். அவளைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை. ஊர் திரும்பிய வாரம் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியது, பிறகு கொப்புளங்கள். யாருக்கும் தெரியாமல் சேலம் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் பெயரைச் சொன்னார்: ஹெர்பிஸ். "முழுசாப் போகாது. அடங்கிக் கிடக்கும், திரும்ப வரும். புண்ணு இருக்கறப்ப வூட்டம்மா பக்கம் போகாதீங்க. அவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றார்.

புண் ஆறும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆறினால் ஒட்டாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அது தப்பான தீர்ப்பு.

இரண்டு மாதத்தில் மாதம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. உட்கார முடியவில்லை. சிறுநீர் கழிக்கும்போது வாயில் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். அப்போது கூட்டுக் குடும்பம். என் அண்ணன் மனைவிதான் வீட்டை நடத்தியவர். அவர் பார்த்துவிட்டு, "இது அக்கிடி," என்றார். எங்கள் பக்கம் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிறவர் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து எழுதச் சொல்வார்கள். காவிக்கல்லைக் குழைத்து, அக்கி இருக்கும் இடத்தைச் சுற்றி நாயும் சிங்கமும் வரைவார்கள். அவை அக்கியை விரட்டும். மூன்று நாள், காலையும் மாலையும். எண்ணெய் கூடாது, காரம் கூடாது, உப்புகூடக் கூடாது. வெறுங்கஞ்சி.

வந்த அம்மாவிடம் இடத்தைச் சொல்லவே மாதம்மாளுக்கு வாய் வரவில்லை. அதனால் இடுப்பைச் சுற்றி எழுதினார்கள். நோய் ஓரிடம், எழுத்து ஓரிடம். ஒரு வாரத்தில் புண் தானாக ஆறியது, ஏனென்றால் அது தானாக ஆறும் நோய். எல்லோரும் எழுத்துதான் குணப்படுத்தியது என்றார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கி எழுதியவர் மீது தப்பில்லை. அவரிடம் அக்கி என்றார்கள், எழுதினார். தப்பு, அது அக்கி இல்லை என்று தெரிந்த ஒரே ஆளிடம் இருந்தது.

அதன் பிறகு வருடம் தவறாமல் வெயில் ஏறும் சமயத்தில் அவளுக்கு வரும். மாரியம்மன் பண்டிகை வேலை, விருந்தாளிகள், தூக்கமில்லாமை, வெயில் எல்லாம் சேர்ந்தால் உள்ளே உறங்கும் கிருமி எழும். இது எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியாது. "பண்டிகைக்குப் பண்டிகை இவளுக்கு மட்டும் கொப்புளம் போடுதுன்னா ஆத்தாளுக்கு ஏதோ கொறை," என்று அவர் முடிவு செய்தார். ஒரு வருடம், வாசலில் ஊர் கூடி நிற்க, மாவிளக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படி தாண்டியவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து மாதம்மாள் தட்டு எடுக்கவில்லை. குறை தீர இரண்டு முறை தலைமுடியைக் காணிக்கை கொடுத்தாள். இடுப்பு வரை முடி. இரண்டு முறையும் நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பால்வினை நோய்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்ல படிச்சுக்குங்க," என்று சொல்லிப் புரட்டிவிடுவேன். பல ஆசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் இல்லை, பயம்.

டாக்டரிடம் வருகிறேன். ஒரு கொப்புளத்தை மெல்லத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் நீரைத் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை. முடிவு வர மூன்று நாள். கூடவே எச்.ஐ.வி.க்கும், கிரந்தி எனும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுத்தார்கள். இந்த நோய் வந்தவர்களுக்கு அவற்றையும் பார்த்துவிடுவதுதான் முறை. இரண்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

மாதம்மாள் காபி வாங்கப் போன சமயத்தில் டாக்டர் திரும்ப வந்தார். "முடிவு வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிட்டேன். முதுகெலும்போட அடியில இருக்கற நரம்புல இந்தக் கிருமி குடியிருக்கும். ஸ்டீராய்டும் காய்ச்சலும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி கொறைஞ்சதால அந்த நரம்பு வீங்கியிருக்கு. அதனாலதான் யூரின் நின்னுபோச்சு. அபூர்வமா இப்பிடி ஆகும். சரியாயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

நான் போர்வையின் ஓரத்தை மடித்தேன்.

"நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன். ஆனா ஐயா, அவங்களுக்கும் மருந்து இருக்கு. இத்தனை வருஷமா மருந்து இல்லாமயே பொறுத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் எத்தனை வருஷம்னு நீங்கதான் சொல்லணும்."

என் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் அது மிகவும் மரியாதையாகக் கொடுக்கப்பட்ட அடி.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பக்கத்துப் படுக்கையில் அதியமான்கோட்டைக்காரர் ஒருவர், லாரி டிரைவர், கால் முறிந்து கம்பி வைத்துப் படுத்திருந்தார். பெயர் முனிராஜ். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். "வாத்தியாரே, டாக்டரம்மா உங்ககிட்ட மட்டும் ரகசியமாப் பேசுது. என்கிட்ட காலை ஆட்டாதேன்னு கத்துது. நம்ம மூஞ்சிக்கு அவ்ளோதான்," என்பார். நான் சிரித்துவைப்பேன்.

மூன்றாம் நாள் மதியம். மாதம்மாள் சாத்துக்குடி உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் வேண்டிக்கிட்டேங்க. டியூப் எடுத்து நீங்க நல்லபடியா வூடு வந்து சேர்ந்தா, இந்தப் பண்டிகைக்கு முடி எடுத்துடறேன்னு. நரைச்ச முடிதான், இருந்தாலும் ஆத்தா ஏத்துக்குவா. எங்கிட்ட இருந்து உங்களுக்கு வந்ததுதானே, நான்தானே தீர்க்கணும்."

அதற்கு மேல் முடியவில்லை.

"மாது, அது உங்கிட்ட இருந்து வரலை. எங்கிட்ட இருந்து உனக்கு வந்தது."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். முழுவதையும் சொன்னேன். முகாம், லாட்ஜ், சேலத்து டாக்டர். வரிசையாக, எதையும் மெழுகாமல். சுளைகளைத் தட்டில் அடுக்கிவிட்டுக் கேட்டாள்.

"எந்த வருஷம்?"

"பையன் ரெண்டாம் கிளாஸ் படிச்சப்போ."

"எனக்கு மொத வாட்டி முடி எடுத்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டாவது வாட்டி?"

"தெரியும்."

"பையன் பொறந்த மாதிரி இன்னொண்ணு பொறக்கலையேன்னு உங்கம்மா என்னைக் கேட்டாங்களே. கொப்புளம் இல்லாத நாள்லயும் நீங்க ஏன் என்கிட்ட வர்றதில்லைன்னு நான் எத்தனை நாள் யோசிச்சிருப்பேன். என் ஒடம்பு அசிங்கம்னு நெனச்சேன்."

அவள் எழுந்து, பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள். சேலையை மடித்துப் பையில் வைத்தாள். கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டாள். "தட்டுல பழம் இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அரூர் பஸ் ஏறியிருப்பாள் என்று தெரியும். திரும்பி வருவாளா என்று தெரியாது.

அன்று மாலை சோதனை முடிவு வந்தது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், இரண்டாம் வகை.

இரண்டு நாள் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மருந்து ஏறியது, கொப்புளங்கள் காய்ந்தன, கால் மரப்பு குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் முனிராஜின் மனைவி எதுவும் கேட்காமல் என் தட்டிலும் ரசம் சாதத்தை வைத்துவிட்டுப் போவார். ஓசூரிலிருந்து மகன் குமரேசன் வந்தான். அம்மா போனில் அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினான்.

"சொந்தக்காரங்க யாராச்சும் கேட்டா புராஸ்டேட்னு சொல்லிடுங்க."

"புராஸ்டேட் இல்லியேடா."

"அப்பா, ப்ளீஸ். அக்கின்னாவது சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மீதல்ல. அந்தச் சொல் மீது. "அக்கின்னு சொல்லித்தான் உங்கம்மாவை இத்தனை வருஷம் கஞ்சி குடிக்க வெச்சேன். இனிமே அந்த வார்த்தை என் வாய்ல வராது," என்றேன். அவன் வெளியே போய் வெகுநேரம் நின்றான். பிறகு இளநீர் வாங்கி வந்து, ஸ்ட்ரா போட்டு என் கையில் கொடுத்தான். அதுவே அவனால் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு வார்டுக் கதவு திறந்தது. மாதம்மாள். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் மாதுளைப் பையுடன் என் அண்ணி. எழுபத்தாறு வயது. மூட்டுவலிக்காரரை அரூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறாள்.

"என்னப்பா, யூரின் கோளாறாமே? இவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. வா வான்னு இழுத்துக்கிட்டு வந்துட்டா," என்று அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்தார்.

மாதம்மாள் உட்காரவில்லை. "எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க," என்றாள்.

"இங்கேயா?" வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"என் கையில இருந்து தட்டை வாங்கினப்ப ஊரே நின்னுச்சு. இங்க பத்துப் பேருதான்."

சொன்னேன். குரல் முதலில் எழும்பவில்லை. முனிராஜ், "வாத்தியாரே, பாடத்தைச் சத்தமா எடுங்க, கடைசி பெஞ்சுக்குக் கேக்கலை," என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது உதவியாக இருந்தது. வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். இது அக்கி அல்ல. இதன் பெயர் ஹெர்பிஸ். இது உடலுறவில் பரவும். நான் ஒரு தப்பான இடத்துக்குப் போய் வாங்கி வந்தேன். இவளுக்குக் கொடுத்தேன். தெரிந்தே மறைத்தேன். ஆத்தாளுக்கு இவளிடம் எந்தக் குறையும் இல்லை.

அண்ணியின் முகம் சுருங்கியது. "சீ! இதை எதுக்குப்பா எல்லார் முன்னாடியும் சொல்றே? மூடி வெச்சுக்கற விஷயம் இது."

"மூடித்தான் வெச்சிருந்தாரு அக்கா," என்றாள் மாதம்மாள். "மொட்டைத் தலைக்கு முக்காடு போட்டு மூடினது நானு. மாவெளக்குத் தட்டை யாரு வாங்கினது?"

"எனக்கு என்னடி தெரியும் அப்ப? கொப்புளத்தைப் பார்த்தேன், ஆத்தான்னு நெனச்சேன்."

"இப்பத் தெரிஞ்சுச்சில்ல? இந்தப் பண்டிகைக்கு நான் தட்டு எடுக்கறேன். கொப்புளம் இருந்தாலும் எடுப்பேன். தடுத்தீங்கன்னா இவரு சொன்னதை அப்பிடியே மைக்ல சொல்லுவேன்."

அண்ணி மாதுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு மாதம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "தெரிஞ்சிருந்தா உப்பாவது போட்டுக் கொடுத்திருப்பேன்டி. வெறுங்கஞ்சி," என்றார். அவர் கண்ணீரைத் துடைத்தது என் துண்டில். என்னிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

டாக்டர் சுற்றுக்கு வந்தபோது மாதம்மாள் தானாகவே கேட்டாள். "எனக்கும் ஒரு சீட்டு போட்டுக் குடுங்கம்மா. என் பேருல."

தனியறையில் அவளைப் பரிசோதித்தார். பிறகு என்னையும் அழைத்தார். அவள் தயாராகக் கேள்விகளோடு வந்திருந்தாள். அன்று டாக்டர் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். படிப்பவர்களில் ஒருவருக்காவது தேவைப்படும்.

அக்கியும் இதுவும் ஒரே குடும்பத்துக் கிருமிகள், ஆனால் வேறு வேறு ஆட்கள். அக்கி, சின்னம்மைக் கிருமி பல வருடம் கழித்து எழுவது. அது ஒருவருடைய தப்பால் வருவதில்லை. ஹெர்பிஸ் தோலோடு தோல் உரசி, பெரும்பாலும் உடலுறவில் பரவும். முதல் தடவைதான் கடுமை. பிறகு வருவது லேசாகவும், வருடம் போகப்போக அரிதாகவும் இருக்கும். சிலருக்கு வெளியே எதுவுமே தெரியாது. தங்களுக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. புண் இல்லாத நாளிலும் ஒட்டலாம். முப்பத்தெட்டு வயதில் நான் எழுதிக்கொண்ட தீர்ப்பு அங்கேதான் தப்பாகிப்போனது. முழுக்கத் துடைக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அரிப்பும் குறுகுறுப்பும் தொடங்கிய உடனே மாத்திரை எடுத்தால் சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வருகிறவர்கள் தினம் ஒரு மாத்திரை எடுத்தால் வருவதும் குறையும், துணைக்குப் பரவுவதும் குறையும். ஆணுறை உதவும், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. கர்ப்பிணிகள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரசவ சமயத்தில் குழந்தையைக் காக்க வழி இருக்கிறது.

"தட்டுல ஒட்டுமாம்மா? துணியில?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"ஒட்டாதும்மா."

"கக்கூஸ்ல?"

"அதுலயும் ஒட்டாது."

"நான் தனி சோப்பு, தனித் துண்டு. என் துணியைத் தனியாத்தான் காயப்போடுவேன். கொப்புளம் வந்தா பேத்திங்களைத் தூக்க மாட்டேன். ஆயா தூக்க மாட்டேங்குதுன்னு சின்னது அழும்."

"தூக்குங்கம்மா. புண்ணைத் தொட்டா கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அவ்வளவுதான்."

மாதம்மாள் அதற்குத்தான் அழுதாள். நான் சொன்னபோது அழவில்லை. கணவன் துரோகத்துக்கு அழாதவள், தூக்காமல் விட்ட குழந்தைகளுக்காக ஒரு டாக்டரின் மேசையில் தலைவைத்து அழுதாள். நான் அவள் தோளைத் தொடப் போனேன். "வேணாங்க," என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் டியூபை எடுத்தார்கள். சிறுநீர் தானாக வந்தது. முனிராஜ் கை தட்டினார். கிளம்பும் முன் என்னைக் குனியச் சொல்லிக் காதில், "வாத்தியாரே, எனக்கும் ஒண்ணு ரெண்டு வாட்டி அந்த மாதிரி வந்துச்சு. சூடுன்னு வெந்தயம் தின்னேன்," என்றார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லு. அப்புறம் வூட்ல சொல்லு," என்றேன்.

"வூட்லயா? காலு ஒண்ணுதான் ஒடைஞ்சிருக்கு."

"இன்னொண்ணு ஒடைஞ்சாலும் சொல்லு. ரசம் சாதம் போட்ட பொம்பளைக்குக் கஞ்சி ஊத்தாதே."

அவர் சொன்னாரா என்று தெரியாது. மறுநாள் அந்த டாக்டரின் அறைக்குச் சக்கர நாற்காலியில் போனார் என்பது மட்டும் தெரியும். போன் செய்து சொன்னார்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். காலையில் டிபன் முடிந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு மாத்திரை எடுக்கிறோம். அவளுடையது அவளுடைய பெட்டியில், என்னுடையது என்னுடையதில். பண்டிகையில் அவள் மாவிளக்குத் தட்டு எடுத்தாள். கொப்புளம் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருப்பாள். முடி கொடுக்கவில்லை. சாமிக்கு நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் குற்றம் ஆகாதா என்று யாரோ கேட்டதற்கு, "தப்பான விலாசத்துக்குப் போட்ட மனு அது," என்றாளாம்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், "நீ செய்ததைத் திருத்திக்கொண்டாய், சரி. ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஆசிரியர்கள் பெயர் கெடும்," என்றார். ஆசிரியர்கள் பெயர் கெடட்டும். நாங்கள் புரட்டிவிட்ட பக்கங்களால் எத்தனை பெண்கள் உப்பில்லாமல் கஞ்சி குடித்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இது ஒரு கிருமி. கிருமிக்கு ஒழுக்கமும் தெரியாது, வெட்கமும் தெரியாது. நோய் வந்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. தெரிந்தே மறைத்துக் கொடுத்தவன் வெட்கப்பட வேண்டும். நான் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒளிய மாட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாதம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றியது, அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது என்று இந்த முறையாவது எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் படித்தாள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், விரல் வைத்துப் படிப்பாள். முடித்ததும் காகிதங்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"பேரு இருக்கட்டும். ஊரும் இருக்கட்டும். கடைசில ஒரு வரி பொய் எழுதியிருக்கீங்க."

"எது?"

"'என் மனைவி என்னை மன்னித்துவிட்டாள்'னு இருக்குது. நான் எப்பங்க சொன்னேன்?"

"சொல்லலை. ஆனா நீ திரும்பி வந்தியே. சோறு போடறியே. மாத்திரை எடுத்துக் குடுக்கறியே."

"சோறு போட்டா மன்னிச்சதா ஆயிடுமா? அது வேற, இது வேற. எப்ப மன்னிக்கணும், மன்னிக்கறதா வேணாமான்னு நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலை. அதையும் நீங்களே எனக்காக முடிவு பண்ணி எழுதிட்டீங்க. அடிங்க அதை."

பேனாவை எடுத்து அடித்தேன்.

"நல்லா அடிங்க. படிக்கறாப்பல இருக்குது," என்றாள்.

மறுபடியும் அடித்தேன்.